ஊர்த் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துப் போர் நினைவுச் சிலுவை: அதன் வரலாற்று மதிப்பு என்ன?

கேள்வி: தென்கரையான்

வணக்கம். இங்கிலாந்தின் கிழக்கு சஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு சிறிய கிராமத்தில் சில ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் ஊர் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், தெருவாசலிலிருந்து தேவாலயக் கதவுக்குச் செல்லும் பாதையோரமாக, எண்கோணப் படிகளின் மீது ஒரு கற்சிலுவை நிற்கிறது. அதன் பீடத்தில் "1914–1919" என்ற ஆண்டுகளும், அதன் கீழே ஊரைச் சேர்ந்த ஆண்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் பெயர்கள் பின்னர் மற்றொரு பக்கத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சிலுவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றுள்ளது. வாசலில் வைக்கவிருக்கும் தகவல் பலகைக்குச் சில பத்திகள் எழுதித் தருமாறு பாரிஷ் கவுன்சிலில் (ஊராட்சி மன்றத்தில்) என்னைக் கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் கேள்விகளே மிகுகின்றன. இவ்வூரில் எந்தப் போரும் நடக்கவில்லை. சிலுவையை வடித்தவர் புகழ்பெற்ற சிற்பியும் அல்லர். இதே அமைப்பிலான சிலுவையை அடுத்த ஊரிலும், அதற்கடுத்த ஊரிலும் காண்கிறேன். அப்படியிருக்க, எங்கும் காணக்கிடைக்கும் ஒன்றை வரலாற்றுச் சின்னமாகக் கருதுவது எதன் அடிப்படையில்? போர் 1918இல் முடிந்தது என்று படித்திருக்கிறோம். கல்லில் 1919 என்று இருப்பது ஏன்? ஊர்ப் பொதுத்திடல் இருக்கும்போது தேவாலய வளாகத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்? பெயர்களில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருகிறது. அதற்கும் ஏதேனும் காரணம் உண்டா?

பதில்: சுவடி

அந்தச் சிலுவையின் அடியில் பட்டியலில் உள்ள ஒருவரும் புதைக்கப்படவில்லை என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. போரின் தொடக்க மாதங்களில், வசதியும் செல்வாக்கும் உள்ள சில குடும்பங்கள் பிரான்சிலிருந்து தம் பிள்ளைகளின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தன. முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரனும் நாடாளுமன்ற உறுப்பினருமான வில்லியம் கிளாட்ஸ்டன் 1915 ஏப்ரலில் போர்முனையில் கொல்லப்பட்டபோது, அவருடைய உடல் வேல்ஸில் உள்ள ஹாவர்டன் தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பணக்காரர் மகன் ஊர் திரும்புவதும் உழவுத் தொழிலாளியின் மகன் அங்கேயே கிடப்பதும் நியாயமாகாது என்ற எண்ணம் வலுப்பட்டு, அதே ஆண்டில் உடல்களைக் கொண்டுவருவதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் 1917 மே மாதம் அரச சாசனத்தின் மூலம் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் (இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்), போர் முடிந்த பிறகும் இந்தத் தடையைத் தளர்த்தவில்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான நடுகல், விழுந்த மண்ணிலேயே அடக்கம் என்பதே அதன் கொள்கை. பெற்றோர் பலர் இதை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். 1920 மே 4 அன்று நாடாளுமன்றத்தில் கடும் விவாதமும் நடந்தது. ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது.

இதன் விளைவை உங்கள் ஊர் அளவில் எண்ணிப் பாருங்கள். பிரான்சுக்கோ பெல்ஜியத்துக்கோ மெசப்பட்டோமியாவுக்கோ சென்று மகனின் கல்லறையைக் காணும் வசதி ஒரு பண்ணைக் கூலியின் மனைவிக்கு இருந்திருக்காது. பல்லாயிரம் பேருக்கு அடையாளம் தெரிந்த கல்லறையே அமையவில்லை. பெல்ஜியத்தில் உள்ள மெனின் வாயில் என்ற நினைவு வளைவில் மட்டும் அவ்வாறு கல்லறையற்றுப் போனவர்களின் பெயர்கள் 54,000க்கும் மேல் உள்ளன. ஆகவே, ஞாயிறுதோறும் வழிபாட்டுக்குப் போகும் பாதையோரத்தில் வெட்டப்பட்ட அந்தப் பெயர்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே கல்லறை. தகவல் பலகையில் ஒரே ஒரு செய்திக்குத்தான் இடம் உண்டு என்றால், நான் இதையே எழுதுவேன்.

உங்கள் பகுதியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பர்வாஷ் என்ற ஊரில் புனித பர்த்தலமேயு தேவாலயத்தை ஒட்டி நிற்கும் போர் நினைவுச் சின்னத்தின் உச்சியில் ஒரு விளக்குக் கூண்டு இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் நினைவு நாளிலும் அந்த விளக்கு ஏற்றப்படும். அப்பெயர்களுள் ஒன்று ஜான் கிப்லிங். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்லிங் 1902 முதல் இறக்கும்வரை அவ்வூரில்தான் வாழ்ந்தார். கண்பார்வைக் குறையால் படையில் மறுக்கப்பட்ட தம் மகனுக்கு, பழைய தளபதி லார்டு ராபர்ட்ஸின் செல்வாக்கைப் பயன்படுத்தி ஐரிஷ் கார்ட்ஸ் பிரிவில் இடம் வாங்கித் தந்தவர் அவரே. 1915 செப்டம்பர் 27 அன்று பிரான்சில் நடந்த லூஸ் போரில் ஜான் காணாமல் போனபோது வயது 18. பின்னர் கல்லறை ஆணையத்தின் உறுப்பினரான கிப்லிங், பெரிய போர்க் கல்லறைகளின் நினைவுக் கல்லுக்கு "அவர்களுடைய பெயர் என்றென்றும் வாழும்" என்ற பைபிள் தொடரைத் தேர்ந்தெடுத்தார். அடையாளம் தெரியாதோரின் கற்களில் உள்ள "கடவுள் அறிவார்" என்ற பொருள்படும் வாசகமும் அவர் தந்ததே. அத்தனை செல்வாக்கு இருந்தும் தம் மகன் எங்கே கிடக்கிறான் என்பதை அறியாமலேயே அவர் 1936இல் இறந்தார். பர்வாஷ் கல்லில், அவருடைய மகனின் பெயரும் ஊர்க் கூலித் தொழிலாளரின் பெயர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அடுத்து, கல்லில் பெயர் வருவது என்பதே அப்போது புதிது. பழைய ஆங்கிலத் தேவாலயங்களுக்குள் போர்வீரர்களுக்கான பளிங்குப் பலகைகள் நிறைய உண்டு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அதிகாரிகளுக்கானவை, அவர்களுடைய குடும்பங்கள் சொந்தச் செலவில் வைத்தவை. சாதாரணச் சிப்பாய்களைப் பெயர் சொல்லி நினைவுகூரும் வழக்கம் தென்னாப்பிரிக்காவில் நடந்த 1899–1902 போயர் போருக்குப் பின்னர்தான் ஓரளவு பரவியது. முதல் உலகப் போர் அதை ஊருக்கு ஊர் கொண்டு சேர்த்தது. கல்லறைக் கல் வாங்க வழியற்ற ஏழைகள் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டுவந்த அதே தோட்டத்தில், அத்தகைய குடும்பங்களின் பெயர்கள் முதன்முறையாக ஆழமாக வெட்டப்பட்டன. அந்த ஆண்களில் பலருக்குப் படையில் சேர்ந்த நாளில் வாக்குரிமைகூட இல்லை. 21 வயதான ஆண்கள் அனைவருக்கும் அது 1918ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது.

ஆண்டுக் கணக்கு எளிது. 1918 நவம்பர் 11 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. ஜெர்மனியுடனான வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28 அன்றுதான் ஏற்பட்டது. எந்த ஆண்டைப் பொறிப்பது என்பதை ஒவ்வோர் ஊரும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. கல்லறை ஆணையமோ, 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரை பணியின் காரணமாக இறந்தவர்களைப் போரில் இறந்தவர்களாகவே கணக்கிடுகிறது. உங்கள் தோட்டத்தில் 1919 அல்லது 1920 என்று தேதியிட்ட, மேல்விளிம்பு வளைந்த வெள்ளை நடுகல் ஏதேனும் தென்பட்டால் வியக்க வேண்டாம். காயத்தோடு திரும்பி இங்கிலாந்து மருத்துவமனையிலோ, இன்ஃப்ளூயன்சா காய்ச்சலிலோ இறந்தவர்களை உறவினர் ஊரிலேயே அடக்கம் செய்ய முடிந்தது.

பதில்: கல்தச்சன்

மேலே உள்ள பதிலோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. இடத்தையும் பெயர்களையும் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

இச்சிலுவைகளை அரசு கட்டித் தரவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, குழு அமைத்து, வீடு வீடாகச் சந்தா திரட்டி ஊரார் எழுப்பியவை இவை. எனவே ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஊர்ச் சச்சரவு ஒளிந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். நினைவாக மன்றக் கட்டடமா, விளையாட்டுத் திடலா, சிலுவையா என்பது முதல் வழக்கு. சிலுவைதான் என்றால் அது தேவாலயத் தோட்டத்திலா பொதுவெளியிலா என்பது அடுத்தது. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள் தம் பிள்ளைகளின் பெயரை ஆங்கிலிக்கன் நிலத்தில் வைப்பதற்கு எளிதில் இசைந்துவிடவில்லை. சிலுவையிலேயே தகராறு உண்டு: புராட்டஸ்டண்டு சமயச் சீர்திருத்தக் காலத்தில் தோட்டத்துச் சிலுவைகளை உடைத்தெறிந்த மரபின் வழிவந்த சிலருக்கு, இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவை கத்தோலிக்க வாடை வீசுவதாகப்பட்டது. மறுபுறம், உடைந்து அடித்தண்டு மட்டும் எஞ்சியிருந்த இடைக்காலச் சிலுவையைச் சீரமைத்து, அதையே போர் நினைவாக்கிய ஊர்களும் உண்டு. உங்கள் ஊரில் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் நிலம் இலவசமாகக் கிடைத்தது என்பதாகவும் இருக்கலாம். தேவாலயக் குழுவின் 1919, 1920ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்புகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

யாருடைய பெயரைச் சேர்ப்பது என்பதற்கும் பொது விதி கிடையாது. பிறந்த ஊரா, வேலை பார்த்த ஊரா, மனைவி குடியிருந்த ஊரா என்பதைப் பொறுத்து ஒருவருடைய பெயர் இரண்டு மூன்று கற்களில் வருவதுண்டு. எதிலும் இல்லாமல் போவதும் உண்டு. மகன் இறந்ததை ஏற்க மறுத்துப் பெயர் தராத தாய்மாரும் இருந்தார்கள். பதவியைக் குறிக்காமல் அகர வரிசையில் எழுதுவது என்பது எளிய எழுத்துமுறை முடிவு போலத் தோன்றும். அக்காலக் கிராமத்தில் அது பெரிய முடிவு. உங்கள் கல்லில் பதவி உண்டா, வரிசை எது என்பதைக் கவனியுங்கள்.

விடுபட்ட பெயர்கள் சில வேளைகளில் இருக்கும் பெயர்களைவிட மிகுதியாகப் பேசும். போர்க்களத்திலிருந்து விலகிய குற்றத்துக்காகத் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களை அன்றைய ஊர்கள் எப்படி நடத்தின என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். லிங்கன்ஷயரில் உள்ள ஃபுல்ஸ்டோ கிராமத்தைச் சேர்ந்த சார்லஸ் கிர்மன் 1917 செப்டம்பரில் அவ்வாறு சுடப்பட்டார். அவர் பெயர் இல்லாமல் எங்களுக்கு நினைவுச் சின்னமே வேண்டாம் என்று அவ்வூரார் மறுத்துவிட்டதால், 2005 வரை அங்கே போர் நினைவு எதுவும் எழும்பவில்லை. கென்ட்டில் உள்ள ஷோரமிலோ நேர்மாறு. 1914 செப்டம்பர் 8 அன்று, அப்போரில் முதன்முதலில் சுடப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாயான தாமஸ் ஹைகேட் அவ்வூர்க்காரர். அவருடைய பெயரைச் சேர்ப்பதில்லை என்று ஊர் கவுன்சில் 2000இல்கூட வாக்களித்தது. இவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்பு அளித்தது. ஊர்க்கல் அதற்கு ஏற்ப மாற வேண்டுமா என்பது இன்னும் ஊர்களின் கையில்தான் இருக்கிறது.

ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருவதைச் சொன்னீர்கள். அவர்கள் அண்ணன் தம்பிகளாகவோ ஒன்றுவிட்ட சகோதரர்களாகவோ இருக்கலாம். நீங்கள் சஸ்ஸெக்ஸில் இருப்பதால், அவர்கள் இறந்த தேதி 1916 ஜூன் 30 ஆக உள்ளதா என்று முதலில் பாருங்கள். பிரான்சில் நடந்த சோம் பெருந்தாக்குதலுக்கு முந்தைய நாள், எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்காக ரிஷ்பூர் அருகே 'போர்ஸ் ஹெட்' என்ற இடத்தில் ராயல் சஸ்ஸெக்ஸ் படையின் மூன்று பட்டாலியன்கள் ஏவப்பட்டன. ஐந்து மணி நேரத்துக்குள் 17 அதிகாரிகளும் 349 வீரர்களும் மடிந்தார்கள். காயமுற்றவர்களும் சிறைப்பட்டவர்களும் ஆயிரத்துக்கு மேல். ஒரே ஊர்க்காரர்களையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படை திரட்டியதால், இறந்தவர்களில் உடன்பிறந்தார் பலர் இருந்தனர். சஸ்ஸெக்ஸ் செத்த நாள் என்றே அதை இப்பகுதியில் குறிப்பிடுகிறார்கள். மறுநாள் சோமில் 19,240 பேர் இறந்ததால் வெளியூர்க்காரர்களின் நினைவிலிருந்து அது மறைந்துவிட்டது.

எல்லா ஊரிலும் இழப்பு இருந்தது என்று பொதுப்படையாக எழுதிவிட வேண்டாம். போனவர்கள் அனைவரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஐம்பதுக்குச் சற்று மேல் உண்டு. 1930களில் ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் அவற்றை நன்றியுள்ள ஊர்கள் என்று அழைத்தார். நாடு முழுவதற்கும் அவ்வளவுதான் என்பதே அந்தப் போரின் பரப்பைக் காட்டிவிடுகிறது.

பதில்: நெய்தல்

மேலே எழுதப்பட்டவை உண்மையே. ஆனாலும் இந்தக் கற்களைச் சமத்துவத்தின் சின்னங்களாக மட்டும் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெயர் பெறும் சமத்துவம் பேரரசின் எல்லா வீரர்களுக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை. தென்கரையான் அவர்கள் வசிக்கும் பகுதியிலிருந்து வெகுதொலைவில்லாத பிரைட்டனை அடுத்த பாட்சம் குன்றில் சத்ரி என்ற வெண்பளிங்கு மண்டபம் இருக்கிறது. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் எரியூட்டப்பட்ட இடம் அது. 1921 பிப்ரவரியில் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். அதே காலத்தில் சுற்றிலுமுள்ள சஸ்ஸெக்ஸ் கிராமங்கள் தம் பிள்ளைகளின் பெயர்களை எழுத்தெழுத்தாகச் செதுக்கிக்கொண்டிருந்தன. இந்த 53 பேரின் பெயர்களும் அவ்விடத்தில் கல்லில் ஏறியது 2010இல்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் பல ஊர்களில் பதிக்கப்பட்ட பலகைகளிலும், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று எண்ணிக்கைதான் இருக்கும். பெயர் இராது.

உங்கள் பலகையில் இதை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வூர்ச் சிலுவை அவ்வூரைப் பற்றியது. ஆயினும், "பேரரசு தன் வீரர் அனைவரையும் சமமாக நினைவுகூர்ந்தது" என்பது போன்ற ஒரு வாக்கியம் அதில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்கரையான்

மூவருக்கும் நன்றி. ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடியதில், ஒரே குடும்பப் பெயர் கொண்ட மூவரில் இருவர் இறந்த தேதி 1916 ஜூன் 30 என்றே உள்ளது. இருவரும் உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் பெயரும் முகவரியும் ஒன்றே. நெய்தல் அவர்கள் குறிப்பிட்டது போன்ற ஒரு வாக்கியத்தை என் வரைவிலிருந்து நீக்கியும் விட்டேன்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நினைவு வழிபாட்டுக்கு முன்னால், பாசி படிந்து கறுத்திருக்கும் சிலுவையை உயரழுத்தத் தண்ணீரால் கழுவி வெள்ளையாக்கிவிட வேண்டும் என்று ஊரில் சிலர் ஆர்வமாக உள்ளனர். தேய்ந்த எழுத்துகளைப் புதிதாக வெட்டவும் ஆள் பார்த்திருக்கிறார்கள். இதைச் செய்யலாமா?

பதில்: கல்தச்சன்

தயவுசெய்து நிறுத்திவையுங்கள். கெட்ட எண்ணத்தால் சிதைந்த நினைவுச் சின்னங்களைவிட, நல்லெண்ணத்தால் கழுவிச் சிதைந்தவை மிகுதி என்பது கல்வேலை அறிந்த எவரும் சொல்லும் செய்தி. போர்ட்லாண்ட் கல் போன்ற சுண்ணாம்புக் கற்களின் மேற்பரப்பு காற்றும் மழையும் பட்டுப்பட்டு ஒரு தோலைப் போல இறுகியிருக்கும். உயரழுத்தத் தண்ணீர், மணல் வீச்சு, கம்பித் தூரிகை, பிளீச்சிங் திரவம் ஆகியவை அந்தத் தோலை உரித்துவிடும். பிறகு கல் முன்பைவிட வேகமாகக் கரையும், அழுக்கும் விரைவாகப் பிடிக்கும். ஈய எழுத்துகளாக இருந்தால் தண்ணீரின் வேகத்தில் அவை தெறித்து விழும். கல்லில் இருப்பவை பாசியா, கல்பூவா (லைக்கன்) என்பதையும் பாருங்கள். பழைய கல்லறைத் தோட்டங்கள் கல்பூக்களுக்கு முக்கியமான உறைவிடங்கள். சில வகைகள் அரியவை, மிக மெதுவாக வளர்பவை. எழுத்தைப் படிக்க முடிகிறது, கல்லுக்குச் சேதமில்லை என்றால், நூற்றாண்டு பழையது நூற்றாண்டு பழையதாகத் தெரிவதில் தவறு ஒன்றுமில்லை.

எழுத்தை மறுபடி வெட்டுவது இன்னும் பெரிய தலையீடு. ஒவ்வொரு முறையும் மூல எழுத்துருவும் கல்லின் ஒரு படலமும் போய்விடும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்திலோ, இருட்டியபின் கைவிளக்கைப் பக்கத்திலிருந்து அடித்தோ பாருங்கள். தேய்ந்ததாகத் தோன்றும் பெயர்கள் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். அந்த ஒளியிலேயே நான்கு பக்கங்களையும் படமெடுத்து, பெயர்களை எழுத்துப்பிழை உட்பட உள்ளபடியே படியெடுத்து வையுங்கள். இது வெறும் சடங்கு அல்ல. முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் லண்டன் கிடங்கு குண்டுவீச்சில் எரிந்துபோயின. சிலரைப் பொறுத்தவரை, அவர்கள் இன்ன ஊரைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு ஊர்க்கல்லே முதன்மையான சான்று.

சட்ட நிலையையும் ஊராருக்குச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலிக்கன் தேவாலயத் தோட்டத்தில் உள்ள நினைவுச் சின்னத்தில் கைவைக்க, குருவானவரின் வாய்மொழிச் சம்மதம் போதாது; திருமண்டலத்தின் ஃபேகல்டி என்ற அனுமதி ஆணை வேண்டும். சிலுவை தனியாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், உள்ளூராட்சித் திட்டத் துறையின் ஒப்புதலும் வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1997இல் தொடங்கப்பட்ட வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிப்பு குறித்த ஆலோசனையை இலவசமாகத் தருகிறது.

உங்கள் முதல் கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். தேசியப் பட்டியலைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு, போரின் நூற்றாண்டையொட்டி 2014 முதல் 2018 வரை 2,500 நினைவுச் சின்னங்களைப் பட்டியலில் சேர்க்கும் திட்டத்தை நடத்தியது. உலக நிகழ்வு ஒன்று ஒரு குறிப்பிட்ட ஊரை எப்படித் தாக்கியது என்பதற்கு அந்தச் சின்னம் நேர்ச்சாட்சியாக நிற்பதையே அது வரலாற்று மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. சிற்ப நயத்தையும் அருகிலுள்ள பழைய தேவாலயத்தோடு அமையும் தொகுதி மதிப்பையும் அடுத்துப் பார்க்கிறது. அடுத்த ஊரில் அதே போன்ற சிலுவை இருப்பது உங்கள் சிலுவையின் மதிப்பைக் குறைப்பதில்லை. அங்குள்ள பெயர்கள் வேறு.

பலகையைப் பொறுத்தவரை, சிலுவையை மறைக்காமல் வாசலுக்கு அருகே வையுங்கள். அதற்கும் ஃபேகல்டி தேவைப்படும் என்பதால் சிலுவைக்கான விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். அந்த இரு சகோதரர்களைப் பற்றி எழுதுவதற்கு முன், அவர்களுடைய உறவினர் எவரேனும் ஊரில் இருக்கிறார்களா என்று குருவானவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.